செவலை நின்ற இடங்கள்

என் மாமனாரை நினைத்தாலே, கையில் தண்ணீர்ச் செம்புடன் நாய்க்குப் பின்னால் நடந்துபோகும் ஒருவர்தான் கண்ணுக்கு வருகிறார். விடிந்தும் விடியாததுமாக, எங்கள் தல்லாகுளத்து வீட்டின் முன்னாலிருக்கும் புல்தரையில் செவலை மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். நாலடி தள்ளி மாமா போவார். அது எங்கே உட்காருகிறதோ அங்கே நின்று, முடிகிறவரை மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நகர்ந்ததும் அந்த இடத்தில் செம்பைச் சாய்ப்பார். பால்காரர் கேட்டருகே வண்டியை நிறுத்தி, "என்னண்ணே, இந்தக் காலத்துலயும் செம்பத் தூக்கிட்டு ஒதுங்குறீக?" என்று வம்பிழுப்பார். மாமாவுக்குக் கோபமே வராது. "எனக்கில்ல மாப்ள, எம் மகளுக்கு" என்பார்.

குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் தெருவில் புல்தரை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மாடும் இல்ல, கன்னும் இல்ல, இம்புட்டுப் புல்லு யாரு திங்க?" என்று ஊரிலிருந்து வரும் பங்காளிகள் கேட்பார்கள். செவலை குட்டியாக வந்த புதிதில் அந்தப் புல்லில் மஞ்சள் வட்டங்கள் விழுந்தன. நடுவில் வைக்கோல் நிறத்தில் கருகல், ஓரத்தில் மட்டும் கரும்பச்சையில் ஒரு வளையம். அத்தை, அதாவது என் மாமியார், தெருவில் எல்லோரும் செய்வதுபோல பாட்டிலில் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றிக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டார். அதைப் பார்த்தால் நாய் அண்டாதாம். செவலை அதன் நிழலில் படுத்துத் தூங்கியது. பிறகுதான் மாமா செம்பை எடுத்தார். ஈரம் காய்வதற்குள் தண்ணீர் விட்டால் புல் பிழைத்துக்கொள்ளும் என்று கண்டுகொண்டார். முருங்கை மரத்தடியில் ஆற்றுமணல் கொட்டி, அங்கேயே போகவும் அதைப் பழக்கினார். தப்பிக் கருகிய இடங்களில் காய்ந்ததைச் சுரண்டி, நன்றாக அலசிவிட்டு, செம்மண்ணும் மட்கிய சாணமும் போட்டு, பக்கத்துப் புல்லின் கொடியை இழுத்து ஊன்றுவார். செவலை இருந்தவரை அந்தத் தரையில் ஒரு குறை சொல்ல முடியாது.

செவலைக்கு வயதாகிப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. இருந்த இடத்திலேயே எல்லாம் போனது, பகலெல்லாம் முனகியது. ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்று அத்தை சொன்னபோது, "நான் படுத்தா எனக்கும் போடுவியா?" என்று மாமா ஒரே போடாகப் போட்டுவிட்டார். குலசாமி கும்பிட அவர் ஊருக்குப் போன சமயத்தில் செவலை செத்துப்போனது. அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பியபோது அது இல்லை. "தூக்கத்துலயே போயிருச்சும்மா. இந்த வெயிலுக்குத் தாங்காதுன்னு குப்பை வண்டியில எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்" என்றார் அத்தை. மறுநாள் வந்த மாமாவிடமும் இதையேதான் சொன்னார். மாமா செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

சில வாரங்கள் போயிருக்கும். முருங்கை மரத்தருகே புல்லில் ஒரு மஞ்சள் வட்டம் தெரிந்தது. பழைய வட்டங்களைப் போலவே நடுவில் கருகல், ஓரத்தில் பச்சை. தெருநாய் வந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் மதில் உயரம், கேட்டுக்கும் பூட்டு. குனிந்து பார்த்தேன். கால் தடம் இல்லை. அந்த வாடையும் இல்லை. அடுத்தது கொஞ்சம் தள்ளி விழுந்தது, அதற்கடுத்தது இன்னும் தள்ளி. மாடியில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. செவலை தினமும் நடக்கிற தடத்திலேயே, அது நிற்கிற இடங்களிலேயே வட்டங்கள் வந்துகொண்டிருந்தன. தடம் அத்தையின் அறை ஜன்னலில்தான் போய் முடியும். செவலை அந்த ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, அத்தை எழுந்து வருகிறவரை வாலாட்டிக்கொண்டிருக்கும்.

அத்தையும் அதைப் பார்த்துவிட்டார். சித்திரை வெயிலில் ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தார். மத்தியான நேரத்தில் புல்தரைப் பக்கம் போகவே மாட்டார். சோறு இறங்கவில்லை, கழுத்தெலும்பு துருத்தியது. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். என் கணவர் கோயம்புத்தூரில் வேலையில் இருந்ததால் பயந்தாலும் சமாளித்தாலும் நான்தான். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்த அத்தை, "அது என்னையத் தேடித்தாம்மா வருது. நான்தான் ஊசி போடச் சொன்னேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது. இந்தப் பெண்மணி இப்படியே போய்விடுவார் என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

ஒரு விடிகாலையில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கீழே மாமா, கையில் செம்பு. யாருக்கோ பின்னால் நடப்பதுபோல நாலடி இடைவெளி விட்டு மெதுவாக நடந்தார். நின்றார். வேறு பக்கம் பார்த்துக் காத்திருந்தார். பிறகு குனிந்து செம்பைச் சாய்த்தார். முன்னால் ஒன்றுமே இல்லை. இறங்கி ஓடினேன். செம்பின் அடியில் வெள்ளை மணிகள் கரையாமல் கிடந்தன. யூரியா.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வயல்காட்டு மனிதர், புல் மஞ்சளானால் பசி என்று நினைத்து உரம் வைக்கிறார், அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்தாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள் அல்லவா, பாடமே எடுத்துவிட்டேன். "மாமா, நாய் மூத்திரத்துல இருக்கறதும் இதே யூரியாதான். கொஞ்சமாப் பட்டா பச்சையாகும், கூடிப்போனா கருக்கிரும். நீங்க வைக்க வைக்கத்தான் வட்டம் வருது."

அவர் என்னைப் பொறுமையாகப் பார்த்தார். "வெள்ளாம வீட்டுல பொறந்தவன்மா. எம்புட்டு வச்சா பச்சையாகும், எம்புட்டு வச்சா கருகும்னு எனக்குத் தெரியாதா?"

மிச்சத்தையும் அவரே சொன்னார். "மாட்டாஸ்பத்திரி டாக்டர வழியில பாத்தேன். வலியில்லாமத்தான் போச்சு, வருத்தப்படாதீங்கன்னாரு. அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னா நிப்பாட்டிருவேன்." குரலில் கோபமே இல்லை.  நான் பிரியம் வைத்திருந்த மனிதர் தினமும் விடியற்காலையில், செத்த நாயை ஓரடி ஓரடியாகத் தன் மனைவியின் ஜன்னலை நோக்கி நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். அவர் மேல் அன்று வந்த வெறுப்பு இன்றும் முழுதாகப் போகவில்லை.

யூரியாவைப் பற்றி அத்தையிடம் நான் மூச்சு விடவில்லை. "மாமாகிட்டச் சொல்லிருங்க அத்தை, பாரம் இறங்கும்" என்று மட்டும் மன்றாடினேன். அன்று சாயங்காலம் காப்பியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு, "நான்தாங்க போடச் சொன்னேன். அது படுறத என்னால பாக்க முடியல" என்றார் அத்தை. மாமா காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, "ஒரு குழி வெட்டிப் புதைச்சிருக்கலாம்ல" என்றார். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. இருவரும் அழுதார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாளே களைக்கொத்தும் மண்வெட்டியுமாக மாமா இறங்கினார். கருகலைச் சுரண்டி, யூரியா அடங்கும்வரை வட்டம் வட்டமாகத் தண்ணீர் விட்டு அலசினார். அத்தை செம்மண் அள்ளிப் போட, அவர் கொடியை ஊன்றினார். முருங்கை மரத்திலிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தவர், ஜன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார். அங்கேயும் ஒரு வட்டம் இருந்தது, மற்றவற்றைவிடச் சின்னதாக. வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். 

"இது நான் வச்சது இல்லம்மா" என்றார், அத்தைக்குக் கேட்காத குரலில்.

மாமா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவர் ஊன்றிய வருடத்து மழையிலேயே மற்ற இடமெல்லாம் தழைத்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே மட்டும் எத்தனை முறை ஊன்றினாலும் புல் பிடிக்கவில்லை. மண் கெட்டிருக்கலாம், சுவரின் சூடாக இருக்கலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்கிறேன். போன வாரமும் புதுக் கொடி வாங்கிக்கொண்டு வந்து அங்கே உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"அந்த எடத்த விட்ரும்மா. அதுக்கும் ஒரு எடம் வேணும்ல" என்றார்.