பதினாலாம் எண் இரும்பு மூடி

என் நாத்தனார் பின்பக்கமாக நடப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு மணிக்கூண்டின் அடியில் சுற்றுலாக் கூட்டத்தைச் சேர்த்து, முகத்தை அவர்களுக்கும் முதுகை ஊருக்கும் காட்டியபடி, பழைய நகரம் முழுக்க ஒன்றரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போவார். கல் பாவிய தெருவிலோ சாக்கடை மூடியிலோ அவர் இடறி நான் பார்த்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் இது என்ன வித்தை என்று யாராவது கேட்டால், "இந்தத் தெருவுக்கு என்னைத் தெரியும்" என்பார். அந்தத் திமிர் அவருக்குப் பிறந்த நாளிலிருந்தே உண்டாம். அவர் தம்பியே சொன்னது, அதாவது என் வீட்டுக்காரர்.

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே வீட்டில் இருபத்தெட்டு வருஷம். நான் தைத்த காலர் அவர் கண்ணுக்குக் கோணலாகத் தெரியாத நாளே கிடையாது. அப்படியிருந்தும் அந்த நடைக்கு நான் நாற்பது தடவையாவது போயிருப்பேன். எட்டுத் தலை சேராவிட்டால் சுற்றுலா அலுவலகம் அன்றைய நடையை ரத்து செய்துவிடும். ஆள் குறைகிற நாளில் தையல் மெஷின் முன்னால் வந்து நிற்பார். "கோட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு. இன்னிக்கு நீ வெளியூர்க்காரி." இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், நாற்பது தடவை மணிக்கூண்டை முதல்முறை பார்ப்பதுபோல் வாயைப் பிளந்திருக்கிறேன். காதில் எதையும் வாங்கியதில்லை. மனசுக்குள் அடுத்த நாள் தைக்க வேண்டிய துணியைத்தான் வெட்டிக்கொண்டிருப்பேன்.

வழிகாட்டி ஆவதற்கு முன் நாத்தனார் இருபத்தாறு வருஷம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தார். பழைய நகரம் முழுக்க அவருக்கு 'மீட்டரக்கா'தான். எந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதுகூடத் தெரியும். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து உத்தேசமாக ஒரு எண்ணை எழுதிவிடுவார்கள். நாத்தனார் மூன்று தடவை, நாலு தடவை போய்க் கதவைத் தட்டுவார். உத்தேசம் என்ற சொல்லே அவருக்குக் கெட்ட வார்த்தை.

ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. என் நூல்கண்டுகளை நிறவாரியாக மூன்று முறை அடுக்கினார். எங்கள் குழாய் மீட்டரைத் தினம் இரண்டு வேளை போய்ப் பார்த்தார். சில நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு தேர்வு எழுதி, வழிகாட்டி பேட்ஜ் வாங்கினார். நீல நிறம், புகைப்படம் ஒட்டியது. அது கோட்டில் ஏறிய பிறகுதான் எங்கள் வீடு மூச்சு விட்டது. அவரும்தான்.

பேட்ஜோடு அலுவலகம் ஒரு புத்தகமும் கொடுத்தது. பன்னிரண்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் வாசிக்க வேண்டிய வரிகள். ஒரு சொல்லை மாற்றக் கூடாது. ஏழாவது நிறுத்தம் பதினாலாம் எண் வீடு. இப்போது அது பெரிய விடுதி. காய்ச்சல் பரவிய வருஷத்தில் வாசல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஏழைகளுக்கு மருந்து கொடுத்த டாக்டரம்மா வாழ்ந்த வீடு என்று சுவரில் பித்தளைப் பலகை பளபளக்கும். பழைய கடிதம் ஒன்றில் விலாசத்தைப் பார்த்து ஏதோ ஒரு குழு மாட்டியதாம்.

அந்த வீட்டுக்குப் படிக்கட்டே கிடையாது. வாசல் தெருவோடு தெருவாக இருக்கும். பலகையைப் படம் பிடித்த ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கும்தான்.

நாத்தனாருக்கு உறைத்தது. டாக்டரம்மா காலத்துக்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் புது எண் போட்டார்கள். தபால் மாறியது, வரி ரசீது மாறியது. தண்ணீர் வாரியம் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வீட்டு மீட்டர் குழிக்கும் எண் வார்த்த இரும்பு மூடி. அதை யார் மாற்றுவது? அதனால் மீட்டர் பார்ப்பவர்கள் மட்டும் கடைசி வரை பழைய எண்ணையே புழங்கினார்கள். பழைய பதினாலு, இப்போதைய முப்பத்தொன்று. ஐந்து படி ஏறிப் போகிற வீடு. உள்ளே ஒன்பது குடித்தனம், கீழே இஸ்திரிக்கடை.

நாத்தனார் சுற்றுலா அலுவலகத்துக்கு மூன்று மனு எழுதினார். 'ஆவன செய்யப்படும்' என்று மூன்றுக்கும் ஒரே பதில். நாலாவது மனு எழுதவில்லை. ஒரு சாயங்காலம் விடுதி வாசலில் நிற்காமல் கூட்டத்தை நேராக முப்பத்தொன்றுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். விடுதிக்காரர் புகார் செய்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி ஒரு முறை புத்தகத்தை மீறினால் பேட்ஜ் பறிக்கப்படும்.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் கெஞ்சினேன். "அண்ணி, நாலு வரி வாசிச்சா என்ன குறைஞ்சு போயிடும்? எல்லாரும் பொய்யைத்தான் வாசிக்கறாங்க."

"பூட்டின வீட்டுக்கே உத்தேசமா எழுதாதவ நான். திறந்து கிடக்கற வீட்டுக்கு எழுதணுமா?"

"பேட்ஜ் போனா என்ன பண்ணுவீங்க?"

நாத்தனார் என் நூல்கண்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த நடைக்கு ஏழு பேர்தான். எட்டாவது ஆளாக நான் போனேன். ஒன்பதாவதாகக் குடையோடு ஒருத்தர் வந்து ஒட்டிக்கொண்டார். வானத்தில் ஒரு மேகம் இல்லை, கையில் அதே புத்தகம். அலுவலகத்து மேற்பார்வையாளர் என்று தெரிந்துகொள்ளப் பெரிய மூளை வேண்டாம். நாத்தனார் ஒவ்வொரு நிறுத்தத்திலும் புத்தகத்தில் உள்ளதை அட்சரம் பிசகாமல் சொன்னார். குடைக்காரர் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

ஏழாவது நிறுத்தம். விடுதி வாசலில் நின்றார், பலகையைப் பார்த்தார், புத்தகத்தை எடுத்து ஒரு சொல் விடாமல் வாசித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவருமா என்று இருந்தது. கெஞ்சியவள் நான்தான். ஆனாலும் அவர் பணிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

புத்தகத்தை மூடினார். "வாசிச்சாச்சு. மேற்பார்வையாளர் சாருக்குத் திருப்திதானே? இப்ப எல்லாரும் அந்த வாசல்ல படி எங்க இருக்குன்னு தேடுங்க."

கூட்டம் தேடியது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விடுதிக்காரர்கூட எட்டிப் பார்த்துத் தேடினார். நாத்தனார் திரும்பி, முதல் தடவையாக முன்னோக்கி நடந்தார். ஒருத்தர் பாக்கியில்லாமல் பின்னால் போனோம்.

முப்பத்தொன்றின் முன்னால் இஸ்திரிக்காரம்மா பெட்டியை ஓரமாக நகர்த்தி வழி விட்டார். ஐந்து படிகள், நடுவில் குழிந்து தேய்ந்தவை. நாத்தனார் கோட்டுப் பையிலிருந்து பழைய இரும்புக் கொக்கியை எடுத்து, மீட்டர் குழி மூடியிலிருந்த மண்ணைச் சுரண்டினார்.

"இது வழித்தடத்துல இல்லை. இங்க பேச உங்களுக்கு அனுமதி கிடையாது" என்றார் குடைக்காரர்.

"நான் பேசலையே. வாரியத்துல ஒரு வழக்கம். எண்ணுல சண்டை வந்தா, ரெண்டாவது ஆள் வந்து வாய்விட்டுப் படிக்கணும். நீங்க படிங்க." டார்ச்சை அவர் கையில் திணித்தார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனுஷர் குடையைப் படியில் சாய்த்து, முழங்காலிட்டுக் குனிந்தார்.

"பதினாலு" என்றார். குரல் உள்ளே போய்விட்டது.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

"பதினாலு."

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "எண் சரியாவே இருக்கலாம்மா. விதின்னு ஒண்ணு இருக்கே." கையை நீட்டினார். நாத்தனார் அவர் பிடுங்க இடம் வைக்கவில்லை. தானே பேட்ஜின் ஊசியைக் கழற்றி, புகைப்படத்தை ஒரு தரம் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "இன்னும் அஞ்சு நிறுத்தம் இருக்கு. தெரு யார் வீட்டுச் சொத்தும் இல்லை. வரவங்க வரலாம்."

முகத்தை எங்கள் பக்கம் திருப்பி மறுபடி பின்பக்கமாக நடந்தார். குடைக்காரர் மட்டும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் பகலெல்லாம் நாத்தனார் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். ஐந்தரை மணிக்கு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பேட்ஜ் இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளை. மெஷினை நிறுத்திவிட்டு நானும் பின்னாலேயே போனேன். மணிக்கூண்டின் அடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இஸ்திரிக்காரம்மா தன் அக்காவோடு வந்து சேர்ந்தார். வழியில் போன ஒரு ஜோடி என்ன விஷயம் என்று கேட்டு நின்றது.

என்னைப் பார்த்ததும் நாத்தனார் முறைத்தார். "நீ எதுக்கு வந்தே? இனிமே எட்டுத் தலைன்னு எண்ணறதுக்கு யாரும் இல்லையே."

"கேக்கறதுக்கு வந்தேன் அண்ணி."

"அப்ப முன்னாடி வந்து நில்லு" என்றார். "பின்னாடி நின்னா துணி வெட்டுவே."