எல்லம்மா எனக்குப் பெயர் சொல்லவில்லை

போன மாசி மாதம் ஓசூரிலிருந்து எங்கள் தக்காளிப் பெட்டிகள் திரும்பி வந்தன. வண்டிக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. மேலே பார்த்தால் பழம் ஒவ்வொன்றும் நல்ல சிவப்பு. கையை விட்டு அடியைத் தொட்டால் கொழகொழவென்று சாறு. போச்சே என்று அழக்கூடத் தோன்றவில்லை. எவர் செய்த வேலை இது என்றுதான் மனசு அலைந்தது.

என் குணம் அப்படி. சுலபத்தில் யாரையும் நம்ப மாட்டேன். பால்காரர் ஊற்றும்போது பாத்திரத்தையும் பார்ப்பேன், அவர் முகத்தையும் பார்ப்பேன். "கட்டிக்கிட்டவன் நானு, என்னயாச்சும் நம்பு" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். வெள்ளிக்கிழமைதோறும் எல்லம்மா சன்னதியில் கூடுகிற உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேர் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அவள் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் என் குணத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். சந்தைக்குப் பெட்டி கட்டுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய பழம், பளபளப்பான பழம் எல்லாம் மேலே. கோலிக்குண்டு மாதிரி சின்னது, காம்பு பிய்ந்தது, வெடித்தது எல்லாம் கீழே. வாங்குகிறவனுக்கும் அது தெரியும், அதனால் எல்லாருக்கும் விலையைக் குறைத்தே கேட்பான். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் போனவளுக்கும் அதே விலை, ஏமாற்றினவனுக்கும் அதே விலை. ஒரு நாள் எனக்கு வயிறு எரிந்து போய், சந்தையிலிருந்து நேராக எல்லம்மா கோயிலுக்குப் போனேன். தேங்காய் உடைத்து அவள் முன்னால் வாக்குக் கொடுத்தேன். "ஆத்தா, நானே ஒரு யாவாரம் ஆரம்பிக்கறேன். எம் பொட்டியில மேல என்ன இருக்குதோ அதேதான் அடியிலயும் இருக்கும். நான் யாரயும் ஏமாத்த மாட்டேன். நீ மட்டும் கூட இரு."

அதுதான் எங்கள் தொழில். வேறு தந்திரம் ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் அஞ்சாறு பேரிடம் பழம் எடுத்தோம். மேலே மட்டும் நல்ல பழமாக முகம் வைத்துக் கொண்டுவந்தவரை, சொந்தக்காரர் என்றாலும், திருப்பி அனுப்பினேன். சண்டை போட்டார்கள். "இவ பெரிய அரிச்சந்திரன் பேத்தி" என்றார்கள். நான் அசையவில்லை. வாங்க வருகிறவர் முன்னால் எந்தப் பெட்டியையும் இன்னொரு பெட்டிக்கு மெதுவாகச் சாய்த்து மாற்றிக் காட்டுவோம். இதைப் பார்த்துத்தான் ஓசூரில் கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற ஒரு பெரிய சமையல்கூடம் எங்களிடம் வாடிக்கை பிடித்தது. அவர்களை நம்பித்தான் அந்தத் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் அடுத்த நாற்றும் நட்டார்கள்.

அந்தச் சமையல்கூடத்திலிருந்துதான் பெட்டி திரும்பி வந்தது. அவர்கள் பெட்டிகளை இரண்டு மூன்று நாள் அடுக்கி வைத்து எடுப்பார்களாம். எடுக்கும்போது அடி அழுகிக் கிடந்ததாம். "மேலும் கீழும் ஒண்ணுன்னு சொன்னீங்களேம்மா" என்று அங்கே சரக்கு இறக்குகிறவர் போனில் கேட்டார். அந்த வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது.

அடுத்த லோடுக்கு நானே பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு பழமாகப் பார்த்துப் பெட்டியில் போடச் சொன்னேன். ஒரு கீறல் இல்லை. அதிலும் பாதிப் பெட்டி அடி அழுகித் திரும்பி வந்தது. என் கண்ணால் பார்த்து நிரப்பின பெட்டி! அடுத்த தடவையும் இப்படி வந்தால் இனி வண்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

முதல் ஆள் சேகர், என் கொழுந்தன். எங்களோடு சேர்வதற்கு முன்னால் சந்தையில் கமிஷன் மண்டியில் இருந்தவன். பழைய ஆட்கள் இன்னும் அவனோடு டீ குடிக்கிறார்கள். பெட்டி திரும்பிய அன்றைக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணி, இந்த ஒரு தடவ மட்டும் மத்தவங்க மாதிரியே கட்டி அனுப்பிப் பாப்பமா?" எங்கள் பெயரைக் கெடுக்க யாரோ இவனுக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்தது கமலா. பெட்டிக்கு அடியில் பேப்பர் விரித்து வைப்பது அவள் வேலை. எல்லாருக்கும் முன்னால் காலையில் ஷெட்டுக்கு வந்துவிடுவாள். ஏன் அவ்வளவு சீக்கிரம்? நான் உள்ளே நுழைந்தால் சட்டென்று முந்தானையை இழுத்து மடியை மூடுவாள். கழித்த பழம் போடுகிற கூடை சாயந்திரம் நிறைந்திருக்கும், காலையில் பார்த்தால் குறைந்திருக்கும். கேட்டால், "எலி தின்னிருக்கும்க்கா" என்பாள். எந்த எலி இத்தனை பழம் தின்னும்?

எல்லம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். நம் கோயிலில் பூ கேட்கிற வழக்கம் உண்டே. சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியே இலையில் மடித்துப் போட்டு, மனசில் நினைத்து ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஆமாம், வெள்ளை வந்தால் இல்லை. எனக்குத் துரோகம் செய்கிறது சேகரா என்று நினைத்தேன். பூசாரி எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

எனக்கு மனசு ஆறவில்லை. பூசாரியும் சேகரும் ஒன்றாகப் படித்தவர்கள். மடிக்கும்போதே விரலால் அடையாளம் வைத்திருப்பாரோ? மறுநாள் பூவையும் இலையையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன். நானே மடித்து, நானே குலுக்கி, கமலாவை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நானே எடுத்தேன். வெள்ளை. சேகருக்கு இன்னொரு தடவை கேட்டேன். அதுவும் வெள்ளை.

"நீயும் அவங்க கட்சியா?" என்று சன்னதியில் நின்று கேட்டுவிட்டேன். பூசாரி திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. உட்கார்ந்து அழுதேன். "ஆத்தா, ஆளு பேரு கூட வேண்டாம், என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். உங்கிட்ட கொடுத்த வாக்கு கெட்டுப் போவுது. எனக்காக இல்லாட்டியும் எம் பேச்ச நம்பி நாத்து நட்டவங்களுக்காகச் செய். கண்ணுல காட்ட முடியலன்னா காதுலயாச்சும் போடு." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. இதில் பக்தியைவிடக் கோபம்தான் அதிகம்.

கடைசி லோடு ஏற்றுகிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. மூன்று மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். மத்தியானம் கமலா வந்து நின்றாள். "அக்கா, தலவலி தாங்கல. ஒரு எட்டு வூட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றாள். சரி என்றேன். ஆனால் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. சாலையைத் தாண்டி மாரண்டஹள்ளி பஸ்ஸுக்கு நின்றாள்.

வாடி, இன்றைக்கு மாட்டினாய் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமோ கூலி வாங்கப் போகிறாள். அவள் முன்படியில் ஏறினாள், நான் பின்படியில் ஏறி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கமலா நம் கோயில் ஸ்டாப்பில் இறங்கினாள். அப்போதுகூட எனக்கு நல்ல எண்ணம் வரவில்லை. கோயிலிலேயா பேரம் பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பூசாரி சாப்பிடப் போயிருந்தார். ஒரு ஈ காக்கை இல்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். கமலா கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தாள்.

"ஆத்தா, அக்கா பாவம். சோறே திங்கறதில்ல. ஊருக் கண்ணு பூரா நம்ம பொட்டி மேலதான்னு அவங்கதான் எப்பவும் சொல்லிட்டு இருப்பாங்க. அதனாலதான் கொழந்த கன்னத்துல மை வெக்கற மாதிரி, கொஞ்ச நாளா ஒவ்வொரு பொட்டிக்கும் பேப்பருக்கு அடியில ஒரு அடிபட்ட பழம் வெச்சுட்டு வரேன். இத்தன நல்ல பழம் ஒண்ணா இருந்தா கண்ணு படுமில்ல? அப்பவும் ஏன் ஆத்தா திரும்பி வருது? ஒண்ணு பத்தலயா? இன்னிக்கி ரெண்டா வெச்சுட்டேன். இந்தத் தடவயாச்சும் காப்பாத்து. அக்காகிட்ட சொல்ல மாட்டேன். திஷ்டிக்குச் செய்யறத வெளிய சொன்னா பலிக்காது."

காதில் போடு என்று கேட்டேன் அல்லவா, எல்லம்மா போட்டுவிட்டாள். திருடி என்று நினைத்துப் பின்னால் வந்தேன், இவள் எனக்காக மடி ஏந்திக்கொண்டிருக்கிறாள். அந்த ஒரு பழம்தான் வெயிலில் கசிந்து மூன்று நாளில் பெட்டி அடியையே அழுக வைத்திருக்கிறது. ஊர்க்கண் ஊர்க்கண் என்று நாள் முழுக்க ஷெட்டில் புலம்பினது யார்? நான்தான்!

கமலா திரும்பினாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க எதுக்குக்கா வந்தீங்க?"

"சாமி கும்பிட" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். "செருப்புப் போட்டுக்கிட்டா?"

செருப்பைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்தேன். நல்ல பழத்தோடு ஒரு கெட்ட பழம் இருந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். கேட்கக் கேட்க அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, பழுக்க மூட்டம் போட்ட பழத்துல ஒண்ணு கெட்டா எல்லாம் கெடும்னு எனக்குத் தெரியுமேக்கா! சாமி காரியமாச்சே, இது கெடாதுன்னு நெனச்சேன்க்கா!" என்று கதறினாள். அழ நேரமில்லை. மணி இரண்டரை. சேகருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். வேண்டுமென்றே எடுக்கவில்லையோ என்று அப்போதும் என் புத்தி போனது, பாருங்கள். பஸ் வரவில்லை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இறக்கிவிட்டு மறுநடைக்குப் போகிற காலி டிராக்டர் ஒன்று வந்தது. கையைக் காட்டி ஏறிக்கொண்டோம். வழி நெடுக இரண்டு பேரும் "எல்லம்மா, வண்டிய நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தோம்.

ஷெட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏற்றின பெட்டிகள் அத்தனையும் கீழே இறங்கியிருந்தன. சேகர் போனோடு சட்டையைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெட்டியாகச் சாய்த்து வேறு பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தரையில் அடிபட்ட பழங்கள் ஒரு குவியல். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, ஒரு வார்த்த கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. இது உங்க வேலதானா?"

"என்னடா சொல்ற?"

"ஷெட்டு பொறுப்பு பூரா உங்க கையில. பக்கத்துல நின்னு பெட்டி கட்டினது நீங்க. இப்ப ஒரு மாசமா யாருகிட்டயும் முகங் குடுத்துப் பேசறதில்ல. கழிவுப் பழத்த அடியில தள்ளி எடை ஏத்தறீங்களோன்னு எனக்கு டவுட்டு. சாமிகிட்ட சொன்ன வார்த்தய நீங்களே கெடுத்தா நான் இங்க இருக்க மாட்டேன் அண்ணி. அதான் கொட்டிப் பாக்காம வண்டிய விடக் கூடாதுன்னு நிறுத்திட்டேன்."

ஒரு மாதமாக நான் அவனைப் பார்த்த பார்வையை அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. என்னையே சந்தேகப்படுகிறானா? அடுத்த நிமிஷம் புரிந்தது. நான் கொடுத்த வாக்கை, நான் இல்லாத நேரத்தில், நான் நம்பாத ஒருவனை வைத்தல்லவா எல்லம்மா காப்பாற்றியிருக்கிறாள்! கமலா ஓடிப்போய் அவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் அவளையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "மத்தவங்க மாதிரி கட்டலாமான்னு கேட்டியே, அதென்ன?" என்று நான் கேட்டேன். "நீங்க என்ன சொல்றீங்கன்னு ஆழம் பாத்தேன் அண்ணி" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து மீதிப் பெட்டிகளை மாற்றினோம்.

வண்டி தாமதமாகத்தான் போனது. ஆனால் ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. அடுத்த வாரம் போன் வந்தபோது எடுக்கவே பயந்தேன். "இதே மாதிரி அனுப்புங்கம்மா" என்று மட்டும் சொன்னார்கள். இன்று வரை வாடிக்கை நிற்கிறது. நாற்று நட்டவர்கள் யாருடைய பழமும் வீணாகத் தெருவில் கொட்டப்படவில்லை. எல்லாம் எல்லம்மா போட்ட பிச்சை.

சந்தேகம் என்னை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் அவள் சன்னதியில் பொய் சொன்னதாகிவிடும். இப்போதும் எட்டிப் பார்க்கும். ஆனால் அதை மனசில் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்ப்பதில்லை. அன்றன்றைக்கே முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறேன். அவர்களும் என்னைக் கேட்கிறார்கள். கமலாவுக்குத் திருஷ்டிப் பயம் போகவில்லை. அடிபட்ட பழத்தை வண்டி முன்னால் எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள் என்று விட்டுவிட்டேன். ஓசூரில் பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களாம், சிரிக்கட்டும்.

நம்மில் எத்தனையோ பேர் யார்மீதாவது இப்படிக் குமைந்துகொண்டுதான் அவள் முன்னால் வந்து நிற்கிறோம். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அவளிடம் ஆளைக் காட்டிக் கொடு என்று கேட்காதீர்கள், அவள் காட்டிக் கொடுக்க மாட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரும்போது தனியாக வராதீர்கள். நீங்கள் யாரைச் சந்தேகப்படுகிறீர்களோ, அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.