பையை அமுக்கிப் பார்த்த பேஷன்ட்

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குப் பெயர் 'செக்கிங் அக்கா'. வேலை, அனஸ்தீசியா டெக்னீஷியன். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஊசி போடுற வேலையா?" என்பார்கள். அட, ஊசி போடுவது மயக்க டாக்டர்! அவர் வருவதற்கு முன்னாலேயே மெஷினில் ஆக்சிஜன் ஒழுங்காக வருகிறதா, மாற்று சிலிண்டர் நிரம்பியிருக்கிறதா, எச்சிலை உறிஞ்சும் குழாய் உறிஞ்சுகிறதா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, அவர் கை நீட்டியதும் வேண்டியதை எடுத்துக் கொடுப்பது இவள். யாருக்குத் தெரியப்போகிறது? "நம்மளை எவன் நினைப்பான்? முழிச்சிருக்கிற வரைக்கும் நாம முகமூடி, அப்புறம் அவனுக்கு மயக்கம்" என்று சிரிப்பாள்.

இரவு டியூட்டிக்கு இன்னொரு டெக்னீஷியன், சின்னப் பையன். வாயைத் திறக்க மாட்டான், கண்ணும் பாதிதான் திறந்திருக்கும். 'தூங்குமூஞ்சி' என்று பட்டம் கட்டியவளே அக்காதான். காலையில் அவன் பார்த்து வைத்த மெஷினை, அவன் கண்ணெதிரேயே முதலிலிருந்து மறுபடி பார்ப்பாள். விதிப்படி பார்க்க வேண்டியதுதான். ஆனால் "நீ பார்த்த லட்சணம் தெரியாதா!" என்று விதியில் எழுதவில்லையே. அவன் "சரிக்கா" என்று போய்விடுவான்.

இப்படிப்பட்டவளுக்குப் பித்தப்பையில் கல். ஏதாவது சாக்குச் சொல்லி ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே வந்தாள். "இனியும் தள்ளினா சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்து" என்று சர்ஜன் கடிந்துகொண்டார். வீட்டுக்காரரோ, "தினம் எத்தனை பேரை அனுப்பி வைக்கிற, உனக்கென்ன பயம்?" என்றார்.

"அனுப்பி வைக்கிறேனா? வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு!"

கத்திக்கு அவள் பயப்படவில்லை. அவள் படுத்துவிட்டால் மெஷினைப் பார்க்க மிஞ்சுவது தூங்குமூஞ்சி மட்டும்தான். அதுதான் அவள் பயம்.

ஆபரேஷன் அன்றைக்கு மேஜையில் படுத்ததும் தலையைத் தூக்கினாள். "ஆக்சிஜன் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"சிலிண்டர்?"

"பார்த்தேன்க்கா."

அவள் எழுந்து உட்கார்ந்தே விட்டாள். "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு நாள் வச்சுக்கலாம்." ஒரு காலைக் கீழேயும் போட்டுவிட்டாள்.

டாக்டர் வாயெடுப்பதற்குள் தூங்குமூஞ்சி மெஷினை அவள் பக்கம் இழுத்தான். வால்வை மூடினான். மெஷினில் தொங்கும் ரப்பர் மூச்சுப்பையில் காற்றை நிரப்பினான். நோயாளியின் முகத்துக்குப் போகும் குழாயின் வாயைக் கையுறை போட்ட உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, பையை அவள் கையில் வைத்தான்.

"நீங்களே அமுக்கிப் பாருங்கக்கா."

எங்கேயாவது துளி கசிந்தாலும் பை தொய்ந்துவிடும். அமுக்கினாள். விடாமல் அமுக்கினாள். பை விறைப்பாகவே நின்றது.

"வந்ததிலேர்ந்து திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டே இருக்கேன்க்கா," என்றான். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. பையைத் திருப்பி அவனிடம் கொடுத்தாள். "இந்தா. பார்த்துக்கடா," என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

தியேட்டருக்கு வெளியே, மயக்கம் தெளியும் அறையில் அவள் கண் விழித்தபோது வீட்டுக்காரர் சர்ஜனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்!"

"அவனைக் கூப்பிடுங்க," என்றாள், கரகரத்த குரலில்.

"எவனை?" என்று விழித்தார் வீட்டுக்காரர்.

தியேட்டருக்குள் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த தூங்குமூஞ்சி துணியும் கையுமாக வந்து நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப நன்றிடா தம்பி. நல்லா இருப்ப."

"அக்காவுக்கு மயக்கம் இன்னும் தெளியலை," என்றாள் நர்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கண் இரண்டும் முழுசாகத் திறந்து, நிறைந்திருந்தன.

"இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து ஒரு பேஷன்ட் எனக்கு இதைச் சொல்றது இதான் முதல் தடவைக்கா."

"எனக்கு இன்னும் ஒருத்தரும் சொன்னதில்லைடா," என்றாள் அக்கா. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "சரி, போ. அடுத்த ஆளு காத்துக்கிட்டிருக்கும். மெஷினைப் பாரு."