முத்துராணியின் மகன் ஒன்றும் தின்பதில்லை

சேரன்மகாதேவி ரயில் நிலையத்துக்கு எதிரே வடை போடும் முத்துராணிக்குப் பொய் வராது. சட்னி ஊசிப்போயிருந்தால் கேட்காமலே சொல்லிவிடுவாள். எட்டு வயது மகன் இசக்கிதுரை விஷயத்தில் மட்டும் உண்மையின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டாள். "பிள்ளை நல்லா சாப்பிடுதானா?" என்று யாராவது கேட்டால் போதும்.

"எங்க திங்கான்க்கா? ஒரு வாய் திங்க மாட்டக்கான்" என்பாள். அந்தப் பட்டினிப் பிள்ளை பக்கத்திலேயே இரண்டு கையிலும் ஆமவடையோடு உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் கண்ணேறு பயம்தான். பள்ளிக்கூடத்தில் எடை பார்க்கிற அன்று அவனுக்குத் தவறாமல் வயிற்றுவலி வரும். கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை, பாவம் அவள் என்ன செய்வாள்.

தெருவில் டெங்கு வந்தது. அடுத்த வீட்டுக் கொம்பையா மகள் நித்யா, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அவளே படுத்து எழுந்துவிட்டாள். 'அந்த நரம்பியே தப்பிச்சுட்டா, எம்பிள்ளைய என்ன செய்யும்?' என்று முத்துராணி மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமே!

இசக்கிதுரைக்கும் காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் விட்ட பிறகுதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கைகால் ஜில்லிட்டது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வார்டு நிறையத் தாய்மார்கள். டாக்டர் விஜயஸ்ரீ நாடி பார்த்தபடியே எடை எவ்வளவு என்று கேட்டார்.

முத்துராணி சுற்றிலும் பார்த்தாள். "இருபது கிலோ இருக்கும். ஒண்ணுமே திங்க மாட்டக்கான் டாக்டரம்மா."

டாக்டர் கட்டிலைப் பார்த்தார். கட்டில் நிறைந்திருந்தது. "சிஸ்டர், தராசைக் கொண்டாங்க."

"தராசு வேண்டாம் டாக்டரம்மா! இத்தனை பேரு பாக்காவ."

"எம்மா, எடையை வச்சுத்தான் குளுக்கோஸ் எவ்வளவு ஏத்தணும்னு கணக்குப் பண்ணணும். கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. குண்டுப் பிள்ளைன்னா டெங்கு விட்டுருமா? சில நேரம் அவங்களைத்தான் கடுமையாப் பிடிக்கும்."

எந்தக் கண்களிலிருந்து மறைத்தாளோ அந்தக் கண்கள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, முத்துராணி வார்டே அதிரக் கத்தினாள்.

"நாப்பத்தோரு கிலோ! ரைஸ்மில் தராசுல நானே ரகசியமா நிறுத்துப் பாத்தேன்! சரியா ஏத்துங்க தாயி!"

டாக்டர் அதை நம்பாமல் தராசிலும் ஏற்றினார். ரைஸ்மில் தராசு பொய் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. பையன் பிழைக்க வேண்டும், ஊர்க்கண் எல்லாம் தன்மேல் விழட்டும் என்று இசக்கியம்மனிடம் பேரம் பேசினாள். ஆபத்து கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, இசக்கிதுரை கண்ணைத் திறந்து சுற்றிலும் முகர்ந்தான்.

"எம்மா, வடை இருக்கா?"

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து, "பிள்ளை நல்லா சாப்பிடுவானோ?" என்று கேட்டாள்.

பழக்க தோஷத்தில் முத்துராணியின் வாய் பொய்க்குத் திறந்தது. மகனின் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

"திங்கான்க்கா" என்றாள். "நல்லா திங்கான்."