நாயோடு தப்பிக்கச் சொல்லிக்கொடுத்த நாட்கள்

கால்நடை மருத்துவத்தில் ஊசி போடுவது சுலபம். நாயின் சொந்தக்காரருக்கு எதையாவது புரியவைப்பதுதான் தொழில். தொண்ணூறுகளின் கடைசியில் மலையாளச் சீமையில், கரமனை ஆற்றங்கரையோரம் சின்னதாக ஒரு கிளினிக் போட்டு உட்கார்ந்தேன். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் ஜனங்கள் டிவியைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். நாய் வாசலிலேயே நிற்கும். பார்க்கச் சகிக்காமல், புதிதாக நாய் வாங்கியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவச வகுப்பு ஒன்று ஆரம்பித்தேன். ஆபத்து வந்தால் நாயோடு எப்படிக் கிளம்புவது என்பதுதான் பாடம். நாய் வளர்க்கும் சக அவதிக்காரர்களே, அதில் நான் பட்டதைக் கேளுங்கள்.

பை தயார்

முதல் பாடம், நாய்க்கென்று ஒரு பை. சில நாளைக்கான தீனி, தண்ணீர், கிண்ணம், சங்கிலி, மருந்து, தடுப்பூசி அட்டை, வீட்டு வாசனையுள்ள பழைய துணி எல்லாம் போட்டு வாசல் பக்கம் மாட்டி வைக்க வேண்டும். தம்பானூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஆறுமுகம் பிள்ளை, நாகர்கோவில்காரர், அன்றைக்கே பையைத் தயார் செய்துவிட்டார். அடிக்கடி எடுத்துச் சரிபார்க்கவும் சொல்லியிருந்தேன். அங்கேதான் வந்தது வினை.

பையைக் கையில் எடுத்தாலே அவருடைய பொமரேனியன் டைகருக்கு ஊர் சுற்றப் போகிறோம் என்று எண்ணம். வெளியே கூட்டிப்போகிற வரை தெருவே அதிரக் குரைக்கும். பிஸ்கட் நமத்துவிட்டதா என்று பார்க்கப் போன மனுஷன் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடித்து, டைகரை மடியில் வைத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். கொஞ்ச நாளில் ஆள் இளைத்துப்போய் என் முன்னால் வந்து நின்றார். “ஏதாவது ஆபத்து வந்தாலும் கொள்ளாம் டாக்டரே, இந்தப் பையத் தூக்குனதுக்கு ஒரு காரணம் உண்டும்னு சொல்லலாம்லா!”

வாய்க்கட்டு

வலியிலும் பயத்திலும் எந்தச் சாது நாயும் கடிக்கும். அதனால் நீளமான துணியால் அதன் வாயைச் சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சிட்டு, காதுக்குப் பின்னால் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டக்கூடாது. செய்துகாட்ட நான் துணியை எடுத்ததும், வகுப்புக்கு வந்திருந்த ஒரே நாய் மேஜைக்கடியில் புகுந்துகொண்டது. “எனக்குக் கட்டிக் காட்டுங்கோ” என்று முன்வந்தார் அக்கிரகாரத்து வைத்தி மாமா. வகுப்பு தொடங்கியதிலிருந்து என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடாமல் திருத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

கட்டினேன். அப்புறம்தான் வெளியே மழை பெய்வதே எங்கள் காதில் விழுந்தது. பாடம் முழுக்க நடந்து முடிந்தது. அவிழ்த்த கணமே மாமா விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிக்க, அவர் மனைவி மீனாட்சி மாமி என் காதருகே குனிந்தார். “டாக்டர், இந்தத் துணியை நான் ஆத்துக்கு எடுத்துண்டு போகட்டுமா? நாய்க்கில்லை.”

யார் தூக்குவது?

கழக்கூட்டத்தில் ஒரு ஃப்ளாட்டில் அனூப், ஜோஸ் என்று சாஃப்ட்வேர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு நாட்டு நாயை வளர்த்தார்கள். ஒருநாள் காஸ் வாசனை வந்து எல்லோரும் கீழே ஓடியிருக்கிறார்கள். அவன் தூக்கியிருப்பான் என்று இவன் நினைக்க, நாய் மட்டும் பால்கனியில் நின்று குரைத்திருக்கிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. யார் நாயைப் பிடிப்பது, யார் பையை எடுப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு ஒத்திகை பாருங்கள் என்றேன்.

பிரமாதமாகப் பார்த்தார்கள். அடுத்த முறை பக்கத்து ஃப்ளாட்டில் அப்பச்சட்டி கருகி மாடியெல்லாம் புகை. நாய், பை, கிண்ணம், படுக்கை சகலமும் கண்மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிட்டன. அங்கிருந்தே மொபைலில் கூப்பிட்டு வெற்றிச் செய்தி சொன்னான் அனூப். “சபாஷ்! எல்லாரும் பத்திரமா இருக்கீங்களா?” என்று சும்மாதான் கேட்டேன். தலை எண்ணுகிற சத்தம் கேட்டது. பிறகு மேலே பார்த்து யாரோ கத்துகிற சத்தம். “டாக்டர், நாயை மறக்கலை, கேட்டோ... ஜோஸைத்தான் மறந்துட்டோம். குளிச்சிட்டிருக்கான்.”

பீட்டர் சார் வரமாட்டார்

ஒரு வருஷம் மழை விட்டபாடில்லை. பட்டப்பகலில் ஆற்றங்கரைத் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பீட்டர் சார், மார்த்தாண்டத்துக்காரர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயரானவர், மனைவியை இழந்தபின் ராணி என்ற லாப்ரடாரோடு அங்கே தனியாக இருந்தார். தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகை வராந்தா ஓரம் நிறுத்திக் கூப்பிடுகிறார்கள். ராணியோ சாப்பாட்டு மேஜைமேல் ஏறி நின்று நடுங்குகிறது, தொட்டால் உறுமுகிறது. “அவ போன பெறவு எனக்குப் பேச்சுத்தொணை இந்த ராணிதான். இவ வராம நான் வரமாட்டேன், நீங்க போங்க” என்று சார் தொடையளவு தண்ணீரில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

துணி, பிஸ்கட், போர்வை எல்லாம் என் மருந்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாக நுழைந்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. எப்படிப் பிடிப்பது என்று மனசுக்குள் யோசித்தபடி “ராணி...” என்றேன். ராணி திரும்பிப் பார்த்தது. வருஷா வருஷம் ஊசி போட்ட அதே முகம், அதே பை! மேஜையிலிருந்து தண்ணீருக்குள் தொபீர் என்று குதித்து, நீந்தி, வராந்தாச் சுவரைத் தாண்டி, நேரே படகுக்குள் பாய்ந்தது. படகில் நின்றிருந்த தீயணைப்புக்காரர் தண்ணீருக்குள் போனார்.

பீட்டர் சார் செருப்பைக்கூடத் தேடாமல் பின்னாலேயே போய் ஏறி, ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார், அழுதபடியே சிரித்தார். என் பாடத்தில் ஒரு வரிகூடப் பயன்படவில்லை. எனக்கென்ன, சந்தோஷமாக நானும் ஏறக் காலைத் தூக்கினேன். ராணி மறுபக்கம் குதிக்கத் தயாரானது. “டாக்டரே, ஒண்ணும் நெனைச்சுக்கிடாதீங்க,” என்றார் பீட்டர் சார், “நீங்க அடுத்த போட்டுல வாருங்க!”

இத்தனைக்கும் பிறகு நான் என் வீட்டில் வளர்ப்பது தொட்டி மீன்கள்தான்; வெள்ளம் வந்தால் அவை யாரையும் எதிர்பார்க்காமல் தம் பாட்டுக்குக் கிளம்பிப் போய்க்கொள்ளும்.