கிளாஸ் அக்காவுக்கு லைப்ரரி கிடைத்த கதை

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாருமில்லை; எல்லோருக்கும் 'கிளாஸ் அக்கா'தான். பல வருடம் ஜாவா என்ற நிரல்மொழியில் சர்வர் பக்க வேலை பார்த்தவர். எந்தப் பொருளைக் கண்டாலும், இது என்ன வகை, தனக்குள் எதை வைத்திருக்கிறது, என்னென்ன செய்யும் என்று பிரித்துப் போட்டுவிடுவார். ஜாவாவில் இப்படி வகுத்து எழுதுவதற்குப் பெயர்தான் கிளாஸ். "அப்போ நான் எந்த கிளாஸ்?" என்று கணவர் கேட்டதற்கு, "உங்களை இன்னும் டெஸ்ட் பண்ணி முடிக்கலை" என்றாராம்.

அப்படிப்பட்டவர் தலையில், பயனர் கண்ணுக்குத் தெரியும் பிரவுசர் பக்க வேலை வந்து விழுந்தது. எந்தப் படுக்கை காலி, எதில் நோயாளி, எதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உடனுக்குடன் காட்டும் திரை ஒன்று மருத்துவமனைக்குத் தேவை. பிரவுசருக்கான மொழி ஜாவாஸ்கிரிப்ட்; அதில் பிறர் எழுதித் தயாராக வைத்திருக்கும் நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளில் எதை வைத்துக் கட்டுவது என்பது அக்காவின் முடிவு.

பக்கத்து மேஜைக்காரர் எதிலும் அவசரப்படுவார். அதனால் பட்டப்பெயர் 'ஜெட்'. "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? எல்லாரும் பயன்படுத்துறதையே எடுங்க" என்றார்.

அக்கா எடுத்தார். நல்ல சரக்குதான். ஆனால் எல்லாம் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக எழுதிய சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். படுக்கையின் நிலை ஓரிடத்தில், அதை மாற்றும் வழி வேறிடத்தில். "இடது கையால எழுதுற மாதிரியே இருக்கு" என்று முனகினார். அடுத்துப் பார்த்த லைப்ரரியில் கிளாஸ் உண்டு. ஆனால் ஒரு பட்டன் வைக்க நாலு ஃபைல் திறக்க வேண்டும்.

மூன்றாவது, அதிகம் பேர் அறியாதது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே அதன் விளக்கத்தைப் படிக்கத் தொடங்கியவர், சாப்பிடவே மறந்தார். திரையில் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு கிளாஸ்! 'படுக்கை' என்று ஒன்றை எழுதினார். அது தன் நிலையைத் தானே வைத்துக்கொண்டது. நிலை மாறினால் தானே நிறம் மாறியது. அதிலிருந்தே 'தீவிர சிகிச்சைப் படுக்கை'யை உருவாக்கி, கூடுதலாக வேண்டியதை மட்டும் சேர்த்தார்.

"ஜெட், ஓடி வாப்பா!"

ஜெட் குனிந்து பார்த்தார். "அருமையாத்தான் இருக்கு. ஆனா இதை எழுதினவங்க நாளைக்குக் கைவிட்டுட்டா?"

நியாயமான கேள்வி. அக்கா லைப்ரரியின் நிரலையே திறந்து முழுக்க வாசித்தார். சின்னதுதான். யார் கைவிட்டாலும் தானே கவனித்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது. அதையே தேர்ந்தெடுத்தார்.

திரையை மருத்துவமனைக்காரர்களுக்குச் செய்து காட்டிய அன்று தலைமை நர்ஸ் கேட்டார்: "படுக்கையோடவே ஆளை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போவோமே, அப்போ என்ன காட்டும்?"

யாரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மேனேஜர், "அடுத்த வாரம்..." என்று இழுத்தார்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்" என்று அக்கா கீபோர்டை இழுத்துக்கொண்டார். 'படுக்கை' கிளாஸில் புதிய நிலை ஒன்று, சில வரிகள். பக்கத்தைப் புதுப்பித்தார். சாதாரணப் படுக்கை, தீவிர சிகிச்சைப் படுக்கை இரண்டிலும் 'ஸ்கேனுக்குப் போயிருக்கிறது' என்று நீலம் பளிச்சிட்டது. நர்ஸ் கைதட்டியே விட்டார். ஜெட் மெல்லச் சாய்ந்து, "அக்கா, அந்த லைப்ரரி லிங்க்கை எனக்கும் அனுப்புங்க" என்றார்.

வார்டில் திரையை மாட்டிய அன்று அக்காவும் போயிருந்தார். யாரோ குணமாகி வீட்டுக்குக் கிளம்ப, படுக்கையைச் சுத்தம் செய்து முடித்ததும் அதன் கட்டம் 'காலி' என்று பச்சையானது.

"பாருங்க, பாருங்க, மாறிடுச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டே தலைமை நர்ஸ் உதட்டில் விரல் வைத்தார்.