ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நான் கேட்டது

சபையாரே, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுவில் அல்லேலூயா சொல்ல அவசரப்படாதீர்கள். இந்தச் சாட்சியில் பாதி அழுகைதான். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். பொய்ச் சாட்சி சொல்ல எனக்குப் பயம்.

என் பெயர் ராஜாமணி. வீடு நீலசந்திராவில். சிவாஜிநகர் மார்க்கெட்டில் கருவாடு விற்கிறேன். கடை என்று பெரிதாக நினைக்க வேண்டாம், சில கூடைகளும் மேலே ஒரு தார்ப்பாயும்தான். வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கூடைகளை நம்பித்தான் என் ஒரே மகள் ஜெயசீலியை வளர்த்து, கட்டியும் கொடுத்தேன். மருமகன் பிரகாஷ் பெயிண்டர், வைட்ஃபீல்டில் எழும்பிக்கொண்டிருந்த கம்பெனிக் கட்டடங்களில் வேலை. தங்கமான பிள்ளை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து மழைக்காலம். ஜெயசீலி மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். முதல் கரு தங்கவில்லை. இரண்டாவது ஆண் குழந்தை, பிறந்தும் அழவில்லை. அதனால் இந்த முறை எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. தொட்டிலுக்குச் சேலை எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். "சும்மா இரும்மா, வாய வெக்காத" என்று என் மகள் அடக்கிவிட்டாள்.

எட்டாம் மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. பிரஷர் ஏறிப்போச்சு என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். 

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரம பிதாவே, தேவரீருக்குச் சித்தமானால், சுகவீனமாயிருக்கிற அடியாளின் மகளைக் கண்ணோக்கியருளும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதெல்லாம் என் பேச்சே இல்லை. முன்வரிசைப் பெரியவர்கள் ஜெபிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணியது. கருவாட்டு நாற்றம் போகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரம் சோப்புப் போடுவேனே, அப்படித்தான் என் பேச்சையும் கழுவிவிட்டு ஆண்டவர் முன்னால் கொண்டுபோவேன். மார்க்கெட் பேச்சு அவருக்கு ஆகாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

மறுநாள் நம் பாஸ்டர் கடைப்பக்கம் வந்தார். அப்போது அவருக்கு என் மகள் வயசுதான் இருக்கும், சபைக்கு வந்து வருஷம்கூட ஆகவில்லை. அவர் வந்த நேரம் நான் லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அடியில் ஈர நெத்திலியைப் போட்டு மேலே நல்லதைப் பரப்பிக் கொண்டுவந்திருந்தான். "யார்கிட்ட உன் வேலயக் காட்டுற? மூட்டைய மாத்திக் குடுக்காம இந்த எடத்த விட்டு வண்டி நகராது!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். திரும்பினால் பாஸ்டர் நிற்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் சிரிக்கவில்லை. "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கறேன். ஒரு மூட்டை நெத்திலிக்கு இவ்ளோ தைரியமா நிக்கறீங்க. நேத்து பெத்த பொண்ணுக்காக ஏன் அப்படி முணுமுணுத்தீங்க?"

"ஐயோ ஐயா, அது ஆண்டவர் சமுகமாச்சே."

"இங்க இருந்தவரும் அவர்தான சிஸ்டர்? லாரிக்காரன் தருவான்னு நம்பி கேட்டீங்க. அவர் தருவார்னு நம்பலயா? என்ன வேணுமோ அத உங்க வாயால, நேரா கேளுங்க."

 கால் கிலோ நெத்திலி கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உள்ளுக்குள் கோபம்தான். இந்தச் சின்னப் பையனுக்கு என்ன தெரியும், பெற்றுப் பார்த்தானா என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெயசீலிக்கு வலிப்பு வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் மறுபடியும் வந்து, பல்லில் நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். பெரிய டாக்டரம்மா வெளியே வந்தார். "குழந்தைய ஒடனே எடுக்கணும்மா. ரெண்டு பேருக்கும் நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். பிரகாஷ் கையெழுத்துப் போட்டான். 

வார்டுக்கு வெளியே எங்களை நிற்கவிடவில்லை. படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். நடுமத்தியானம், பார்வையாளர் நேரம், மேலேயும் கீழேயும் ஜனம். பாடம் பண்ணின ஜெபம் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பரம பிதாவே என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். அப்புறம் என் வாய் திறந்துகொண்டது.

"ஆண்டவரே, இங்க பாரு. எம் பொண்ணு எனக்கு வேணும். புள்ளையும் வேணும். ரெண்டும் வேணும். ஏற்கெனவே ரெண்ட எடுத்துக்கிட்ட, நான் ஏன்னு ஒரு வார்த்த கேட்டனா? இப்ப கேக்கறேன். குடு! குடுக்க மாட்டன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லு!"

சபையாரே, அப்படித்தான் கேட்டேன். லாரிக்காரனிடம் போட்ட அதே சத்தம். காவல்காரர் ஓடிவந்தார். "சும்னிரம்மா, ஆஸ்பத்ரி இது" என்று கன்னடத்தில் அதட்டி வாயை மூடச் சொன்னார். நான் நிறுத்தவில்லை. எனக்கு இரண்டு படி கீழே புர்கா போட்ட ஓர் அம்மா, அவரும் யாருக்காகவோ காத்திருந்தவர், திரும்பிக் காவல்காரரைக் கையமர்த்தினார். நான் கேட்டு முடித்ததும் அவர் வாயிலிருந்து "ஆமீன்" என்று வந்தது.

பெண் குழந்தை பிறந்தது. கைக்குள் அடங்குகிற அளவு. தலை நிறைய முடி. பூனைக்குட்டி போல ஒரு தரம் அழுதது, நான் கேட்டேன். சாயங்காலம்வரை மூச்சு இருந்தது. அப்புறம் இல்லை.

ஜெயசீலிக்கு எதுவும் தெரியாது. நினைவே திரும்பவில்லை. பிரகாஷும் பாஸ்டரும்தான் குழந்தையை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். பாஸ்டர் தன் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனார் என்று பிற்பாடு மருமகன் சொன்னான். திரும்பி வந்த பாஸ்டரை அதே படிக்கட்டில் நான் பிடித்துக்கொண்டேன்.

"தைரியமா கேளுன்னீங்களே. கேட்டனே! ஆஸ்பத்திரி பூரா கேக்கற மாதிரி கேட்டனே! எங்க எம் பேத்தி?"

என்னவாவது வசனம் சொல்லுவார், சொன்னால் இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் சட்டையில் மண் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது.

"எனக்குத் தெரியல சிஸ்டர். நானும் கேட்டேன். எனக்கும் பதில் வரல" என்றார். அப்படியே என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பொண்ணு இன்னும் உள்ள இருக்கா. அவளுக்காகக் கேக்கறத நிறுத்திடாதீங்க. கோவமா இருந்தா கோவத்தோடயே கேளுங்க. இப்ப டாக்டர் என்ன வேணும்னு சொல்றாங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். என் மகளுக்கு மூத்திரம் இறங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை காலியாகவே இருந்தது. கிட்னி வேலை செய்யவில்லை, இப்படியே போனால் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெப விண்ணப்பம் சொல்கிற நேரம். நான் எழுந்து, "மகளுக்குச் சரீர சுகவீனம்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். பாஸ்டர் என்னை நிறுத்தினார். சபையைப் பார்த்து, "நம்ம சிஸ்டர் மகளுக்கு மூத்திரம் வரணும். எல்லாரும் அதுக்காக ஜெபிப்போம்" என்றார். பாடகர் குழுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "பாஸ்டர், ஆலயத்தில இப்படிப் பச்சையா வேணுமா? சரீர சுகம்னு சொன்னா கர்த்தருக்குப் புரியாதா?" என்று கேட்டேவிட்டார்.

"அவருக்குப் புரியும் ஐயா. நமக்குத்தான் புரியணும். அந்தப் பிள்ளை உயிர் அதுலதான் இருக்கு."

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. முதலில் ஒரு பாட்டியம்மா தொடங்கினார், "அப்பா, அந்தப் புள்ளைக்கி மூத்திரம் எறங்கணும்பா." பிறகு சபை முழுக்க அதையே கேட்டது. எதிர்த்துப் பேசிய பெரியவரும் முட்டிபோட்டுக் கேட்டார். இதை இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனையோ பேர் பார்த்தீர்கள்.

அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "புள்ளைய எடுத்துக்கிட்ட. இவளத் தொடாத" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. நம்பிக்கை என்று ஒன்று அப்போது எனக்குள் இருந்ததா என்று கேட்டால் தெரியாது. வேறு போக்கிடம் இல்லை, அதனால் கேட்டேன்.

அதற்கும் மறுநாள் காலையில் தரை துடைக்க வந்தவர்களுக்கு வழிவிட்டு எழுந்தேன். கன்னட நர்ஸ் ஒருத்தி குனிந்து பையைப் பார்த்தாள். "பந்து! அம்மா, பந்து!" என்று கத்தினாள். வந்துவிட்டது! குழாயில் பழுப்பாகக் கொஞ்சம், பையின் அடியில் ஒரு விரற்கடை. நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். "அளபேடி அம்மா, அளபேடி" என்று அழவேண்டாமெனச் சொல்லி அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள், அவள் கண்ணும் நிறைந்திருந்தது. ஆண்டவருக்கு எதற்கெதற்கோ ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். மூத்திரத்துக்காகச் சொன்னது போல எதற்கும் மனதாரச் சொன்னதில்லை.

மகள் பிழைத்தாள். ஆனால் இனிமேல் பிள்ளை வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். நினைவு திரும்பி, குழந்தை போனதைத் தெரிந்துகொண்டவள், வீட்டுக்கு வந்தும் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். அழவில்லை. பிரகாஷோடுகூடப் பேசவில்லை. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். பாஸ்டர் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். உயிரை வாங்கித் தந்து நடைப்பிணமாக்கிவிட்டேனோ என்று நான் தவித்தேன்.

ஒரு நாள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"அம்மா, எம் பொண்ணுக்காக ஆண்டவர்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்டி கண்ணு."

"சும்மா உனக்குள்ளயா?"

"ஆஸ்பத்திரி படிக்கட்டுல உக்காந்து சண்டையே போட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்தான்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எத்தனை நாளைக்கு அப்புறமோ நேராகப் பார்த்தாள். "யாரும் கேக்காமயே போய்ட்டாளோன்னு நெனச்சேம்மா" என்று சொல்லி என் மடியில் விழுந்து அழுதாள். அன்றுதான் அழுதாள். அழுது முடித்து, பசிக்குது என்றாள்.

இப்போது புதன்கிழமைகளில் அவளும் நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வெளியே காத்திருக்கிறவர்களிடம், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்போம். அதையே கேட்டு ஜெபிப்போம். ரத்தம் நிற்க வேண்டுமா, காய்ச்சல் இறங்க வேண்டுமா, அதை அப்படியே. சிலர் பிழைத்தார்கள். சிலர் போனார்கள். என் பேத்தி விஷயத்தில் ஆண்டவரிடம் எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது, அதையும் அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அன்று அந்தப் பையில் இறங்கியது அவர் தந்தது. அதை நான் மறுதலிக்க மாட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாரோ படுத்திருக்கலாம், யாரோ வழி தவறியிருக்கலாம். அவர்கள் பெயரைச் சொல்லி, தேவையைச் சொல்லி, உங்கள் வாயாலேயே கேளுங்கள். தனியாகக் கேட்க முடியாவிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள், சேர்ந்து கேட்போம். கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பிள்ளை ஒரு நாள் உங்கள் முகத்தைப் பார்த்து, எனக்காகக் கேட்டாயா என்று கேட்டால், கேட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்க வேண்டும். ஆமென்.